கரையும் முதல்: இமயப் பனியாறுகளும் நமது நீர்த் திட்டங்களும்

(புனே நகரில், பொறியியல் மாணவர்களும் தமிழன்பர்களும் கூடியிருந்த அவையில் ஆற்றிய உரை)



கோடையில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடும் இந்நகரில் பனியைப் பற்றிப் பேசுவது பொருந்துமா என்ற ஐயம் உங்களுள் சிலருக்கு எழக்கூடும். முளா, முட்டா ஆறுகள் சஹ்யாத்ரி மலையில் பெய்யும் மழையால் ஓடுகின்றன. புனே மக்கள் பருகும் நீரில் பனியாற்றின் துளி ஒன்றேனும் கலந்திருப்பதில்லை. தமிழகத்துக் காவிரியும் வைகையும் பொருநையும் அவ்வாறே. வானம் பொழிந்தால் அவை பெருகும். வானம் பொய்த்தால் வற்றும். இமயத்தின் பனி குறைந்தால் தென்னாட்டவர்க்கு என்ன நட்டம் என்று ஒருவர் கேட்டால், அக்கேள்வியில் ஓரளவு நியாயம் இருப்பதாகவே தோன்றும்.

அதற்கு விடை காண்பதே இவ்வுரையின் நோக்கம். விடையின் சாரத்தை முன்னரே கூறிவிடுகிறேன். இமயப் பனியாறுகள் இந்நாட்டின் வைப்பு நிதி. பல நூற்றாண்டுகளாக அந்நிதியின் வட்டியை மட்டும் செலவிட்டு வந்தோம். இப்போது முதலையும் எடுத்துச் செலவிடுகிறோம். முதலில் கை வைக்கும் குடும்பத்தில் சில காலம் பணப்புழக்கம் கூடுவது இயல்பு. அதுபோலவே, பனியாறுகள் கரையும் காலத்தில் ஆறுகளில் நீர் கூடுகிறது. இக்கூடுதலை நிலைத்த வளம் என்று மயங்கித் திட்டமிடுவோமாயின், அடுத்த தலைமுறைக்கு மெலிந்த ஆறுகளையும் நிறைவேற்ற இயலாத வாக்குறுதிகளையுமே விட்டுச் செல்வோம்.

சிம்லா ஆபீஸ் நினைவூட்டுவது

சிவாஜி நகரில் 'சிம்லா ஆபீஸ்' என்று மக்கள் வழங்கும் இடத்தை நீங்கள் அனைவரும் அறிவீர்கள். 1875இல் தொடங்கப்பட்ட இந்திய வானிலைத் துறையின் தலைமையகம் 1928இல் சிம்லாவிலிருந்து புனேக்கு மாற்றப்பட்டது. 1944இல் அது தில்லிக்குச் சென்றது. எனினும் பழைய பெயர் இங்கேயே தங்கிவிட்டது. இமயத்தின் அடிவாரப் பெயரொன்று தக்காணத்து நகரின் நாற்சந்தியில் நிலைத்திருப்பது ஒரு வகையில் பொருத்தமே. இமயத்துப் பனிக்கும் நமது மழைக்கும் தொடர்பு உண்டா என்ற ஆராய்ச்சி இத்துறையின் தொடக்க காலத்திலேயே எழுந்தது.

துறையின் முதல் தலைவரான ஹென்றி பிளான்ஃபோர்டு, 1884இல் வெளியிட்ட ஆய்வுரையில், இமயத்தில் பனி மிகுந்து பெய்த ஆண்டுகளையடுத்துச் சமவெளியில் வறண்ட காற்றும் மழைக்குறைவும் காணப்படுவதைச் சுட்டினார். பின்னர் வந்த கில்பர்ட் வாக்கரும் பருவமழையை முன்னறியும் கணக்கில் பனிநிலையை ஓர் உறுப்பாகச் சேர்த்துக்கொண்டார். இத்தொடர்பு எல்லா ஆண்டுகளிலும் ஒரே சீராக அமைவதில்லை என்பது பிற்காலத்தில் தெரியவந்தது. ஆயினும், மலையின் பனியையும் சமவெளியின் மழையையும் ஒரே கணக்கேட்டில் எழுதிப் பார்க்கும் பழக்கம் அன்று தொடங்கியது.

அப்பழக்கம் இந்நகரில் இன்றும் தொடர்கிறது. 1962இல் இங்கு நிறுவப்பட்ட இந்திய வெப்பமண்டல வானிலையியல் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் முன்னின்று தொகுத்த தட்பவெப்பநிலை மதிப்பீட்டறிக்கை 2020இல் வெளிவந்தது. 1901 முதல் 2018 வரை நாட்டின் சராசரி வெப்பநிலை ஏறத்தாழ 0.7 டிகிரி செல்சியஸ் உயர்ந்துள்ளது என்று அவ்வறிக்கை கூறுகிறது. இந்து குஷ் - இமயப் பகுதியிலோ, 1951 முதல் 2014 வரையிலான குறுகிய காலத்திற்குள்ளேயே உயர்வு ஏறத்தாழ 1.3 டிகிரியாக இருந்துள்ளது. மலை, சமவெளியைவிட விரைவாகச் சூடேறுகிறது என்பதே இதன் பொருள்.

பனியின் வரவு செலவு

பனியாறு என்பது உறைந்த குளமன்று. உயரமான பள்ளத்தாக்குகளில் பெய்யும் பனி ஆண்டுதோறும் படிந்து, மேற்படிவின் அழுத்தத்தால் இறுகிக் கட்டியாகி, தன் எடையாலேயே மெல்ல மெல்லக் கீழ்நோக்கி நகர்கிறது. அதன் மேற்பகுதி வரவுப் பகுதி. அங்கு உருகுவதைவிடப் பொழிவது மிகுதி. கீழ்ப்பகுதி செலவுப் பகுதி. அங்கு பொழிவதைவிட உருகுவது மிகுதி. இரண்டும் சமமாக இருக்கும்வரை பனியாறு நிலைத்திருக்கும்.

இமயத்தின் மேற்குப் பகுதிப் பனியாறுகளுக்கு வரவு பெரும்பாலும் குளிர்காலத்தில், மத்தியதரைக் கடற்பக்கமிருந்து வரும் காற்றுச் சுழல்களால் கிடைக்கிறது. நடுப்பகுதிக்கும் கிழக்குப் பகுதிக்கும் பெருவரவு கோடைப் பருவமழையே. கடக்வாஸ்லா ஏரியை நிரப்பும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் அங்கு பனியாகப் பொழிகிறது. இப்பனியாறுகளுக்கு வரவும் செலவும் ஒரே பருவத்தில் நிகழ்வதால், வெப்பம் சிறிது கூடினாலும் இழப்பு இரட்டிப்பாகிறது. பனியாகப் பெய்ய வேண்டியது மழையாகப் பெய்வதால் வரவு குறைகிறது. புதுப்பனியின் வெண்மை சூரிய ஒளியைத் திருப்பி அனுப்பும். அவ்வெண்மை இல்லாதபோது பழைய கட்டி மேலும் விரைந்து உருகிச் செலவும் கூடுகிறது.

இவ்வைப்பு நிதியால் யாருக்குப் பயன்? சிந்து ஆற்றின் மேல் வடிநிலத்து ஓட்டத்தில் ஐந்தில் மூன்று பங்கு அளவுக்குப் பனியும் பனியாறும் உருகுவதால் வருகிறது. பிரம்மபுத்திராவின் மேல் வடிநிலத்தில் இது ஏறத்தாழ கால் பங்கு. கங்கையின் மேல் வடிநிலத்தில் ஐந்தில் ஒரு பங்கு. சமவெளிக்கு வர வர மழைநீர் கலந்து இவ்விகிதம் குறைகிறது என்பது உண்மையே. ஆனால் இந்நீரின் மதிப்பு அதன் அளவில் மட்டும் இல்லை. அது வரும் காலத்தில் இருக்கிறது. பருவமழைக்கு முந்திய கோடை மாதங்களில் ஆற்றை உயிருடன் வைத்திருப்பது உருகுநீரே. மழை பொய்த்த ஆண்டில் குறையை ஓரளவு ஈடு செய்வதும் அதுவே. தமிழகத்தில் 39,000க்கும் மேற்பட்ட ஏரிகள் உள்ளன. பெய்யும்போது பிடித்துவைத்து, பெய்யாதபோது திறந்துவிடும் அவ்வேரிகளின் வேலையை வடநாட்டில் இயற்கை பனியாறுகளிடம் ஒப்படைத்திருக்கிறது எனலாம்.

இப்போது முதற்கேள்விக்குத் திரும்புவோம். சட்லஜ் ஆற்றின் பக்ரா அணை நீரால் பஞ்சாபிலும் அரியானாவிலும் விளையும் தானியம், பொது விநியோகத்தின் வழியே நாடெங்கும் செல்கிறது. 2013 டிசம்பர் 31 அன்று தென்னக மின் தொகுப்பு நாட்டின் பொது மின் தொகுப்புடன் இணைக்கப்பட்டது முதல், இமயத்து நீர்மின்சாரத்தின் ஏற்றத்தாழ்வு தெற்கையும் தொடுகிறது. உருகிய பனி இறுதியில் சேருமிடம் கடல். கடல் மட்டம் உயர்ந்தால் மும்பைக்கும் நாகப்பட்டினத்திற்கும் விலக்கு இல்லை. ஆகவே, இமயத்தின் பனி வடநாட்டவரின் கவலை மட்டுமன்று.

அளவுகோல் கூறுவது

பனியாறு சுருங்குகிறது என்பதை எவ்வாறு அறிகிறோம்? மிகப் பழைய முறை, அதன் முகம் எங்கே நிற்கிறது என்று குறித்துவைப்பது. ஏறத்தாழ 30 கிலோமீட்டர் நீளமுள்ள கங்கோத்ரி பனியாற்றின் முகமான கோமுகம், 1935 முதல் நிலவியலாளரால் அளக்கப்பட்டு வருகிறது. 1935 முதல் 1996 வரை அது ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 19 மீட்டர் பின்வாங்கியது. அதன் பின்னர் பின்வாங்கும் வேகம் சற்றுத் தணிந்தது. இதைக் கண்டு சிலர் ஆபத்து நீங்கியது என எண்ணினர்.

அவ்வெண்ணம் சரியன்று. முகம் நிற்குமிடம் பனியாற்றின் நலத்தை முழுமையாகக் காட்டாது. இமயத்துப் பெரும் பனியாறுகள் பலவற்றின் கீழ்ப்பகுதியைக் கல்லும் மண்ணும் மூடியிருக்கின்றன. தடித்த மண்போர்வை வெயிலைத் தடுத்து உருகுதலைத் தாமதப்படுத்தும். மெல்லிய தூசிப்படலமோ வெப்பத்தை ஈர்த்து உருகுதலை விரைவுபடுத்தும். இதனால் முகம் அதே இடத்தில் நிற்க, உடல் மட்டும் மெலிந்துகொண்டே போவது உண்டு. நோயாளியின் உயரத்தை அளந்து உடல்நலத்தைத் தீர்மானிக்க இயலாது. எடையைப் பார்க்க வேண்டும்.

எடை பார்க்கும் முறை கடினமானது. பனியில் துளையிட்டுக் கழிகளை நட்டு, ஆண்டுதோறும் அதே இடத்திற்கு ஏறிச் சென்று, எவ்வளவு உருகியது, மேலே எவ்வளவு படிந்தது என்று அளக்க வேண்டும். இமாசலப் பிரதேசத்தின் லாஹௌல் பகுதியில், சந்திரா ஆற்று வடிநிலத்திலுள்ள சோட்டா சிக்ரி பனியாற்றில் 2002 முதல் இவ்வாறு தொடர்ந்து அளக்கப்படுகிறது; ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழக ஆய்வாளர் இப்பணியில் முக்கியப் பங்கு வகித்துள்ளனர். 2002 முதல் 2014 வரையிலான கணக்கின்படி, அதன் பரப்பு முழுவதிலும் ஆண்டுக்குச் சராசரியாக ஏறத்தாழ 0.56 மீட்டர் உயர நீருக்கு ஈடான பனி குறைந்தது.

இந்த எண்ணை நமக்குப் பழக்கமான அளவில் எண்ணிப் பார்ப்போம். அப்பனியாற்றின் பரப்பு ஏறத்தாழ 15.5 சதுர கிலோமீட்டர். ஆண்டு இழப்பு ஏறத்தாழ 87 லட்சம் கன மீட்டர் நீர். கடக்வாஸ்லா ஏரியின் பயன்படு கொள்ளளவு சற்றொப்ப 5.6 கோடி கன மீட்டர். ஆக, ஒரே ஒரு நடுத்தரப் பனியாறு ஆண்டுதோறும் தன் முதலிலிருந்து இழந்த நீர், கடக்வாஸ்லாவில் ஏழில் ஒரு பங்குக்கும் மேல். இந்திய நிலவியல் ஆய்வுத்துறையின் பட்டியலில் இந்திய இமயத்தின் பனியாறுகள் 9,575. அவற்றுள் இவ்வாறு கழி நட்டு நெடுங்காலம் அளக்கப்பட்டவை மிகச் சிலவே.

மனிதன் ஏற முடியாத இடங்களைச் செயற்கைக்கோள்கள் பார்க்கின்றன. 1970களில் அமெரிக்கா வேவு பார்க்க அனுப்பிய கோள்கள் எடுத்த படங்கள் பின்னாளில் வெளியிடப்பட்டன. அவற்றைப் புதிய படங்களுடன் ஒப்பிட்ட ஆய்வொன்று 2019இல் வெளிவந்தது. 1975 முதல் 2000 வரை இருந்த இழப்பு வேகம், 2000 முதல் 2016 வரை ஏறத்தாழ இரு மடங்காயிற்று என அது காட்டியது. காட்மாண்டுவிலுள்ள பன்னாட்டு ஒருங்கிணைந்த மலை வளர்ச்சி மையம் 2023இல் வெளியிட்ட அறிக்கையும், 2011 முதல் 2020 வரையிலான இழப்பு முந்திய பத்தாண்டைவிட 65 விழுக்காடு விரைவானது என்றது. காரகோரம் பகுதியில் மட்டும் பனியாறுகள் நெடுநாள் ஏறத்தாழ நிலையாக இருந்தன; அங்கும் அண்மைக் காலத்தில் சிறிது குறைவு தென்படத் தொடங்கியுள்ளது.

இரு வகை மயக்கம்

இத்துறையில் இரு வகை மயக்கங்கள் தோன்றியதுண்டு. இரண்டும் திட்டமிடுவோர்க்குப் பாடமாகும்.

இமயப் பனியாறுகள் 2035க்குள் மறைந்துவிடக்கூடும் என்ற கருத்து, தட்பவெப்பநிலை மாற்றம் பற்றிய பன்னாட்டு அரசுகள் குழுவின் 2007ஆம் ஆண்டு அறிக்கையில் இடம்பெற்றது. அதற்குத் தக்க ஆதாரம் இல்லை என்பதை அக்குழு 2010 ஜனவரியில் ஒப்புக்கொண்டது. நூற்றுக்கணக்கான மீட்டர் தடிப்புள்ள பெரும் பனியாறுகள் அத்துணை விரைவில் கரையமாட்டா. இதற்கு எதிர்ப்புறத்தில், நிலவியல் ஆய்வுத்துறையின் முன்னாள் துணைத் தலைமை இயக்குநர் வி. கே. ரெய்னா எழுதி, 2009இல் மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் வெளியிட்ட ஆய்வுரை, இமயப் பனியாறுகளின் சுருக்கம் இயல்புக்கு மாறானதன்று என்ற கருத்தை முன்வைத்தது. அன்றிருந்த அளவீடுகள் சிலவே. அதன்பின் சேர்ந்த சான்றுகளோ இழப்பு விரைவடைந்துள்ளதைத் தெளிவாகக் காட்டுகின்றன.

மிகைப்படுத்திய அச்சம் பொய்த்தால் மக்கள் உண்மையான எச்சரிக்கையையும் நம்ப மறுப்பர். மிகையான நம்பிக்கையோ ஆயத்தமாகும் காலத்தை வீணாக்கும். இரண்டுக்கும் மருந்து தொடர்ந்த அளவீடே. ஆண்டுக்கொருமுறை மலையேறிக் கழிகளைப் பார்த்து வருபவரின் குறிப்பேடு, மேடைப் பேச்சுகள் பலவற்றினும் மதிப்புடையது. என் பேச்சும் அதற்கு விலக்கன்று.

பொய்யான வளம்

இனி, இவ்வுரையின் மையக் கருத்துக்கு வருகிறேன். பனியாறு கரையத் தொடங்கும்போது ஆற்றில் நீர் கூடும். பனியின் பரப்பு குறையக் குறைய, ஒரு கட்டத்தில் அக்கூடுதல் உச்சத்தை அடைந்து, பின்னர் இறங்குமுகமாகும். கங்கை, பிரம்மபுத்திரா வடிநிலங்களில் இவ்வுச்சம் இந்நூற்றாண்டின் நடுப்பகுதியையொட்டியும், சிந்து வடிநிலத்தில் அதற்குச் சில பத்தாண்டுகள் பின்னரும் வரக்கூடும் என்று ஆய்வாளர் கணிக்கின்றனர். சிறிய பனியாறுகளை நம்பிய சிற்றூர்களில் அது முன்னதாகவே வந்துவிடும்.

மாணவ நண்பர்களே, இதில் ஒரு நுட்பமான இடர் உண்டு. நீர்மின் நிலையத்தைத் திட்டமிடும்போது கடந்த பல ஆண்டுகளின் நீரோட்டப் பதிவுகளை எடுத்துக்கொள்கிறோம். நூற்றில் தொண்ணூறு ஆண்டுகளில் கிடைக்கும் என நம்பத்தக்க நீரளவை அடிப்படையாகக் கொண்டு மின் உற்பத்தியைக் கணக்கிடுகிறோம். பாசனத்திற்கு எழுபத்தைந்து ஆண்டுகள் என்பது வழக்கம். நேற்று எப்படியோ நாளையும் அப்படியே என்பது இக்கணக்கின் அடியிலுள்ள எடுகோள். ஆனால் அப்பதிவுகளில் ஒரு பகுதி முதல் கரைந்து வந்த நீர். அதனை நிலையான வரவாகக் கொண்டு கால்வாயின் நீளத்தையும் சுழலிகளின் எண்ணிக்கையையும் முடிவு செய்தால், ஐம்பது ஆண்டுகளுக்குப் பின் அக்கால்வாயின் கடைமடை உழவர்தான் முதலில் பாதிக்கப்படுவார். கடைமடைக்கு நீர் வராத துயரம் தமிழருக்குப் புதிதன்று.

உருகிய இடத்தில் வெளிப்படும் தளர்ந்த மண்ணும் கல்லும் ஆற்றில் வண்டலைப் பெருக்கும் என்பதையும் கருத வேண்டும். சட்லஜ் ஆற்றின் நாத்பா ஜாக்ரி நீர்மின் நிலையம், நீரில் வண்டல் மிகுந்த நாள்களில் இயக்கத்தை நிறுத்த நேர்ந்தது உண்டு.

பான்ஷேத்தும் தெற்கு லோனாக்கும்

பனியாறு பின்வாங்கும் இடத்தில் பள்ளம் ஏற்பட்டு ஏரி உருவாகிறது. அதன் கரை பொறியாளர் கட்டியதன்று. பனியாறு தள்ளிவந்து குவித்த மண்ணும் கல்லுமே கரை. அக்கரை உடைந்தால் என்ன நேரும் என்பதைப் புனே மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. 1961 ஜூலை 12 அன்று, கட்டி முடியும் நிலையிலிருந்த பான்ஷேத் மண்ணணை உடைந்தது. அவ்வெள்ளத்தின் வேகத்தில் கடக்வாஸ்லா அணையும் உடைந்தது. முட்டா ஆற்றங்கரைப் பேட்டைகள் நீரில் மூழ்கின. அந்நாளின் நினைவு இந்நகரில் இன்றும் மறையவில்லை. இமயத்தின் பனியேரிகளோ காவலரும் மதகும் இல்லாத பான்ஷேத்துகள்.

சிக்கிமின் தெற்கு லோனாக் ஏரி 1970களில் மிகச் சிறியது. 2023 செப்டம்பர் இறுதியில் அதன் பரப்பு 167 ஹெக்டேராக வளர்ந்திருந்தது. அதன் ஆபத்து முன்னரே உணரப்பட்டு, 2016இல் குழாய்கள் வழியே நீரை வடித்து மட்டத்தைத் தாழ்த்தும் முயற்சியும் நடைபெற்றது. எனினும் 2023 அக்டோபர் 3ஆம் நாள் இரவில் ஏரி உடைத்துக்கொண்டது. பெருகி வந்த வெள்ளம் சுங்தாங்கிலிருந்த 1,200 மெகாவாட் தீஸ்தா மூன்றாம் கட்ட நீர்மின் திட்டத்தின் அணையை அடித்துச் சென்றது. மறுநாள் செயற்கைக்கோள் படத்தில் ஏரியின் பரப்பு 60 ஹெக்டேராகச் சுருங்கியிருந்தது.

2013 ஜூனில் கேதார்நாத்துக்கு மேலிருந்த சோராபாரி ஏரி உடைந்ததும், பெருமழையுடன் சேர்ந்து அது விளைவித்த பேரழிவும் நாடறிந்தவை. 2021 பிப்ரவரி 7 அன்று சமோலி மாவட்டத்தில் நேர்ந்தது வேறு வகை. ரோந்தி சிகரத்திலிருந்து பாறையும் பனியும் சேர்ந்து சரிந்ததால் எழுந்த வெள்ளம் அது. இருநூறுக்கும் மேற்பட்டோர் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். அவர்களுள் பெரும்பாலோர் நீர்மின் திட்டங்களில் பணியாற்றிய தொழிலாளர். ஒவ்வொரு பேரிடருக்கும் காரணம் தனித்தனியே ஆராயப்பட வேண்டும். எல்லாவற்றையும் வெப்ப உயர்வின் தலையில் சுமத்திவிட்டு, ஆற்றுப்படுகையில் கட்டடம் எழுப்பியவரின் பொறுப்பை மறப்பது முறையன்று.

இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனம் 2024இல் வெளியிட்ட ஆய்வின்படி, இமயத்து ஆற்று வடிநிலங்களில் 10 ஹெக்டேருக்கு மேற்பட்ட பனியேரிகள் 2,431. அவற்றுள் 676 ஏரிகள் 1984 முதல் குறிப்பிடத்தக்க அளவு விரிந்துள்ளன. இவ்வாறு விரிந்தவற்றில் 130 இந்திய எல்லைக்குள் உள்ளவை. ஏனையவை எல்லைக்கு அப்பால் இருப்பினும், வெள்ளத்திற்கு எல்லைக்கோடு தெரியாது.

வெப்பத்தின் காரணமும் நமது பொறுப்பும்

நிலக்கரியும் எண்ணெயும் எரிப்பதால் காற்றில் கூடிவரும் பசுமைக்குடில் வாயுக்களே இவ்வெப்ப உயர்வுக்குத் தலையாய காரணம். தொழிற்புரட்சிக்கு முன் பத்து லட்சத்தில் ஏறத்தாழ 280 பங்காக இருந்த கரியமில வாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. இதில் தொழில்வளம் மிக்க நாடுகளின் பழைய கணக்கே பெரிது. தலைக்கணக்கில் இந்தியரின் பங்கு உலகச் சராசரியைவிடக் குறைவு. இதனை உலக அரங்கில் வலியுறுத்துவது நியாயமே.

ஆயினும் நம் கையிலேயே உள்ள காரணம் ஒன்றுண்டு. அதுதான் புகைக்கரி. விறகடுப்பு, செங்கற்சூளை, டீசல் எந்திரம், வயலில் எரிக்கப்படும் தாள் ஆகியவற்றிலிருந்து எழும் கரித்துகள் பனியின் மேல் படிந்து அதன் வெண்மையைக் கெடுத்து, உருகுதலை விரைவுபடுத்துகிறது. கரியமில வாயு நூற்றாண்டுக் கணக்கில் காற்றில் தங்கும். கரித்துகளோ சில நாள்களில், மிஞ்சினால் சில வாரங்களில் படிந்துவிடும். ஆகவே அதனைக் குறைத்தால் பயனும் விரைவில் கிட்டும். புகையில்லா அடுப்பு பெண்களின் நுரையீரலைக் காப்பதோடு பனியாற்றையும் காக்கிறது.

செய்யத்தக்கவை

முதலாவது, அளவீடு. 2008இல் அறிவிக்கப்பட்ட தட்பவெப்பநிலை மாற்றச் செயல்திட்டத்தின் எட்டு இயக்கங்களுள் ஒன்று இமயச் சூழலைக் காப்பதற்கானது. 2016இல் தேசிய துருவ, பெருங்கடல் ஆய்வு மையம் ஸ்பிதிப் பகுதியில் 13,500 அடிக்கு மேல் 'ஹிமான்ஷ்' ஆய்வு நிலையத்தை நிறுவியது. இவை நல்ல தொடக்கங்கள். ஒவ்வொரு பெரிய வடிநிலத்திலும் சில பனியாறுகளேனும், நிதியாண்டு முடிந்ததும் நின்றுவிடாமல், முப்பது ஆண்டுகளுக்கு இடைவிடாது அளக்கப்பட வேண்டும்.

இரண்டாவது, கணக்கைத் திருத்துதல். புதிய அணைக்கும் கால்வாய்க்கும் ஒப்புதல் அளிக்கும் முன், அவற்றின் ஆயுட்காலத்தில் உருகுநீர் எவ்வாறு கூடிக் குறையும் என்று மதிப்பிடுவதைக் கட்டாயமாக்க வேண்டும். 1916இல் தொடங்கி இந்நகரையடுத்த கடக்வாஸ்லாவில் இயங்கும் மத்திய நீர், மின் ஆராய்ச்சி நிலையத்தின் உருமாதிரி ஆய்வுகளும், வானிலையியல் நிறுவனத்தின் கணினிக் கணிப்புகளும் இங்கு கைகோக்க வேண்டும். இவ்விரு நிறுவனங்களும் ஒரே நகரில் அமைந்திருப்பது நற்பேறு.

மூன்றாவது, எச்சரிக்கை. பனியேரி வெள்ள இடரைக் குறைக்க 150 கோடி ரூபாய்த் திட்டத்திற்கு மத்திய அரசு 2024இல் ஒப்புதல் அளித்தது. அருணாசலப் பிரதேசம், இமாசலப் பிரதேசம், சிக்கிம், உத்தராகண்டு ஆகிய நான்கு மாநிலங்கள் இதில் அடங்கும். ஏரியில் கருவி பொருத்துவது பாதி வேலையே. கீழேயுள்ள சிற்றூரில் நள்ளிரவில் சங்கு ஒலித்தால் மக்கள் எங்கே ஓடுவது என்பது முன்னரே தெரிந்திருக்க வேண்டும்.

நான்காவது, மாற்றுச் சேமிப்பு. லடாக்கைச் சேர்ந்த பொறியாளர் சேவாங் நோர்பெல் 1987 முதல் செயற்கைப் பனியாறுகளை அமைத்தார். குளிர்காலத்தில் வீணே ஓடும் ஓடைநீரை மலையின் நிழற்பக்கம் திருப்பி, தாழ்ந்த கற்சுவர்களால் தேக்கினால், அது அடுக்கடுக்காக உறைகிறது. இயற்கைப் பனியாற்றைவிடத் தாழ்வான இடத்தில் இருப்பதால் விதைப்புக் காலத்திலேயே உருகி வயலுக்கு வருகிறது. 2015இல் அவருக்குப் பத்மஸ்ரீ விருது வழங்கப்பட்டது. பின்னர் சோனம் வாங்சுக்கும் அவருடைய மாணவர்களும் கூம்பு வடிவப் பனித்தூபிகளை உருவாக்கினர். இவை ஒரு சிற்றூருக்கு உதவும்; கங்கைக்கு ஈடாகா. சமவெளிக்கு உரிய சேமிப்பு நிலத்தடியில்தான் இருக்கிறது. ஆற்றில் நீர் மிகுந்துள்ள இந்தப் பத்தாண்டுகளிலேயே அதனை நிலத்தடிக்குச் செலுத்தவும், நீர் மிகுதியாகக் குடிக்கும் பயிர்களைக் குறைக்கவும் முற்பட வேண்டும். முதல் கரையும்போது கிடைக்கும் கூடுதலை உண்டு தீர்க்காமல், மற்றொரு கணக்கில் இட்டுவைப்பதே அறிவுடைமை.

நண்பர்களே, வெப்ப உயர்வை 1.5 டிகிரிக்குள் நிறுத்தினாலும் இந்து குஷ் - இமயப் பகுதியின் பனியில் மூன்றில் ஒரு பங்கை இந்நூற்றாண்டு இறுதிக்குள் இழப்போம் என்று மலை வளர்ச்சி மையம் 2019இல் மதிப்பிட்டது. கட்டுப்பாடின்றி விட்டால் இழப்பு மூன்றில் இரண்டு பங்கு. அந்த ஒரு பங்கை இனிக் காக்க வழியில்லை. இரண்டாம் பங்கைக் காப்பதும் இழப்பதும் உலகத்தார் எடுக்கும் முடிவுகளைப் பொறுத்தது. ஆனால் எஞ்சிய நீரை எவ்வாறு பங்கிடுவது, வெள்ளத்திலிருந்து யாரைக் காப்பது, கடைமடைக்கு என்ன உறுதி அளிப்பது என்பவை முழுக்க நமது முடிவுகள். இக்கூடத்திலிருக்கும் மாணவர்களுள் சிலர் நாளை அம்முடிவுகளுக்கான கணக்குகளைப் போடவிருக்கிறீர்கள். ஆற்றில் நீர் நிறைந்திருக்கும் ஆண்டில், 'இதில் வரவு எவ்வளவு, முதல் எவ்வளவு?' என்று கேட்டுப் பிரித்து எழுதுங்கள். அந்த ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்கும் பொறியாளர்கள் இந்நாட்டிற்குப் பெருந்தொண்டு ஆற்றியவராவர்.